பம்ப்கின் பை எங்கே சொதப்பியது? டின் இல்லாமல் புதுப் பூசணியில் செய்பவர்களுக்கு

மைதா மாவு ஓட்டில் (கிரஸ்ட்) பூசணி, பால், முட்டைக் கலவையை ஊற்றிச் சுடும் இனிப்புதான் பம்ப்கின் பை. அமெரிக்காவில் கிடைக்கும் அதன் குறிப்புகளில் பெரும்பாலானவை டின்னில் அடைத்து வரும் பூசணி விழுதை நம்பி எழுதப்பட்டவை. டின் விழுது எந்த மாதம் வாங்கினாலும் ஒரே கெட்டியில் இருக்கும். முழுப் பூசணி அப்படியில்லை. ஒரு காய் சுட்டதும் மாவாக உதிரும். அதே கூடையில் இருந்த இன்னொரு காய் தண்ணீராக ஓடும். இரண்டையும் ஒரே குறிப்பில் கொட்டினால் ஒன்று தேறும், ஒன்று தேறாது. குறிப்பைத் திட்டிப் பயனில்லை.

உங்களுக்கு வந்த கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்க்கொள்ளுங்கள். ஆனால் முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். மற்ற கோளாறுகளில் பல அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு. 9 அங்குலத் தட்டு ஒன்றுக்குப் பூசணி விழுது 425 கிராம், எவாப்பரேட்டட் மில்க் (சர்க்கரை சேர்க்காமல் சுண்டக் காய்ச்சிய பால்) ஒரு டின் (354 மில்லி), முட்டை 2, சர்க்கரை முக்கால் கப், பட்டைத்தூள் ஒரு டீஸ்பூன், சுக்குப்பொடி அரை டீஸ்பூன், கிராம்புத்தூள் கால் டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். டின் வைத்துச் செய்பவர்களின் வழக்கமான கணக்கு இது. புதுப் பூசணிக்கு எங்கே மாற்ற வேண்டும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

வெட்டினால் வழிகிறது, நடுவில் கெட்டிப்படவே இல்லை

முதலில் ஒரு கேள்வி: பை ஆறிய பிறகு வெட்டினீர்களா? ஓவனிலிருந்து எடுத்து அரை மணி நேரத்தில் வெட்டினால் எந்தப் பையும் வழியும். இரண்டு மணி நேரமாவது வெளியில் ஆற வேண்டும். முழுதாக ஆறியும் வழிந்தால் விழுதில் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம்.

பூசணியை எப்படி வேகவைத்தீர்கள் என்று பாருங்கள். நம் கை தன்னால் குக்கர் பக்கம் போகும். துண்டு போட்டு, தண்ணீர் ஊற்றி, இரண்டு விசில். கூட்டுக்கு அது சரி, பைக்கு ஆகாது. ஏற்கெனவே தொண்ணூறு சதவீதம் தண்ணீராக இருக்கும் காயில் இன்னும் கொஞ்சம் ஏற்றுகிறோம். பைக்கு ஓவனில் சுடுவதுதான் வழி. காம்பை எடுத்துவிட்டு இரண்டாகப் பிளந்து, விதையும் நாரும் வழித்து, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி ட்ரேயில் கவிழ்த்து, 400 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (200 செல்சியஸ்) முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். தோல் மேல் கத்தி தடையில்லாமல் இறங்க வேண்டும். ட்ரேயில் தேங்கியிருக்கும் நீரை விழுதோடு சேர்க்க வேண்டாம்.

சுட்டாலும் தண்ணீர் முழுதாகப் போகாது. அரைத்த விழுதைச் சோதித்துவிட்டுத்தான் முட்டையைத் தொட வேண்டும். ஒரு கரண்டி விழுதைத் தட்டில் வைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். குவித்த இடத்தில் குவித்தபடியே நின்று, சுற்றிலும் நீர் வளையம் பிரியாமல் இருந்தால் அப்படியே பயன்படுத்தலாம். நீர் பிரிந்தால் இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, வடிப்பது. பழைய வெள்ளை வேட்டித் துணியை அலசி, வடிகட்டிமேல் விரித்து, விழுதைக் கொட்டி, ஃபிரிட்ஜில் ராத்திரி முழுக்க வைத்துவிடுங்கள். காலையில் கீழே பாத்திரத்தில் எவ்வளவு தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பார்த்தால் பை ஏன் வழிந்தது என்பது தானே விளங்கும். அந்தத் தண்ணீர் லேசான இனிப்போடு நன்றாகவே இருக்கும், சாம்பாரில் ஊற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது, வாணலியில் சுண்ட வைப்பது. எனக்கு இதுதான் பிடிக்கும், நேரமும் குறைவு. அகலமான அடிகனத்த வாணலியில் விழுதைப் போட்டு, மிதமான தீயில் அல்வா கிண்டுவதுபோல் கிண்டிக்கொண்டே இருங்கள். மரக்கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுத்தால் அது உடனே மூடிக்கொள்ளாமல் இரண்டு மூன்று விநாடி நிற்க வேண்டும். வடிப்பதில் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கிறது: அடியில் லேசாகச் சிவந்து, பச்சை வாடை போய், இனிப்பு கூடிவிடும். 600 கிராம் விழுதில் தொடங்கினால் 425 கிராமுக்கு இறங்கும் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பை நம்ப வேண்டாம், தராசு வையுங்கள். நீர்த்த விழுதும் கப்பை நிரப்பத்தான் செய்யும்.

இவ்வளவுக்குப் பிறகும் விழுது தளர்வாகத் தெரிந்தால் பாலை ஒரு கப்பாகக் குறைத்து, கூடுதலாக ஒரு மஞ்சள் கரு சேருங்கள். மைதா தூவிச் சரிசெய்யும் யோசனை வேண்டாம். கெட்டிப்படும்தான், ஆனால் வாயில் மாவு ஒட்டும்.

ஏற்கெனவே சுட்டு ஆறிய பை வழிகிறதா? அதை மறுபடி ஓவனில் வைத்துத் தேற்றுவது பெரும்பாலும் நடக்காது. கரண்டியால் கிண்ணத்தில் எடுத்து, மேலே க்ரீம் போட்டுக் கொடுத்துவிடுங்கள். விருந்தாளிகள் புகார் சொல்ல மாட்டார்கள். ஆனால் நடுப்பகுதி பச்சை முட்டைக் கலவையாகவே இருந்தால் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

வாயில் நார் தட்டுகிறது

காய் தவறு. ஹாலோவீனுக்கு முகம் செதுக்க விற்கும் பெரிய பூசணிகள், ஹௌடன் போன்ற ரகங்கள், தோற்றத்துக்காக வளர்க்கப்படுபவை. சதை மெல்லிசு, நார் அதிகம், இனிப்பு இல்லை. சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, ருசிதான் இருக்காது. செதுக்கி, மெழுகுவத்தி ஏற்றி, வாசலில் சில நாள் வைத்த காயோ சமையலறைக்குள்ளேயே வரக் கூடாது.

பைக்கு என்று 'பை பம்ப்கின்', 'ஷுகர் பம்ப்கின்' பெயர்களில் சிறிய உருண்டைக் காய்கள் வரும். ஒன்றரை கிலோ எடையுள்ள காயில் தோல், விதை, நீர் போக ஒரு பைக்குத்தான் தேறும். இரண்டு செய்வதென்றால் இரண்டு காய்.

பலரும் யோசிக்காத வழி ஒன்று. டின்னில் அடைபடும் பூசணி ஆரஞ்சுத் தோல் உருண்டையே இல்லை. லிப்பிஸ் நிறுவனம் இல்லினாய் மாநிலத்தின் மோர்ட்டனில் அடைப்பது டிக்கின்சன் என்ற ரகம். வெளிறிய பழுப்புத் தோல், குக்குர்பிட்டா மொஸ்காட்டா என்ற இனம். பட்டர்நட் ஸ்குவாஷும் அதே இனம்தான், நம் ஊர்ப் பரங்கிக்காயில் பெரும்பகுதியும் அதுதான். ஆக, இந்தியக் கடையில் கீற்றாக வெட்டி விற்கும் பரங்கிக்காய், செதுக்குகிற பூசணியைவிட டின்னுக்கு நெருங்கிய சொந்தம். நன்றாகப் பழுத்த, சதை அடர்ந்த ஆரஞ்சாக இருக்கும் கீற்றாகப் பார்த்து எடுங்கள். ஓரத்தில் பச்சை ஓடியது சாம்பாருக்கு. பட்டர்நட்டில் நார் குறைவு, தண்ணீரும் குறைவு. என் விருப்பத்துக்கு விட்டால் பாதி பட்டர்நட், பாதி பை பம்ப்கின் என்று கலப்பேன்.

நாருள்ள விழுது கையில் இருக்கிறதென்றால் மிக்ஸியில் இரண்டு நிமிடம் ஓட்டி, சல்லடையில் தேய்த்து வடித்தெடுங்கள். மத்தால் மசித்தால் போதாது.

கசக்கிறது

தூக்கிப் போடுங்கள். மசாலா போட்டு மறைக்கப் பார்க்காதீர்கள்.

கடையில் அலங்காரத்துக்கு விற்கும் குட்டிச் சுரைகளும், அயல் மகரந்தம் சேர்ந்த விதையில் தோட்டத்தில் தானாக முளைத்த கொடியின் காய்களும் சில சமயம் கடுமையாகக் கசக்கும். காரணம் குக்குர்பிட்டசின் என்ற பொருள். வேகவைத்தாலும் அது போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு என்று ஆளைப் படுக்கவைக்கும். சுட்ட சதையில் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு மேலே போவது நல்ல பழக்கம். கசந்தால் துப்பிவிடுங்கள்.

கசப்பு லேசாக, தொண்டையில் மட்டும் தெரிகிறதா, விழுதில் இல்லாமல் கலவையில்தான் வந்ததா? அது கிராம்பாக இருக்கலாம். வீட்டில் புதிதாக இடித்த கிராம்புக்கு வீரியம் அதிகம், குறிப்பில் சொன்னதில் பாதி போதும்.

அடி கிரஸ்ட் ஊறிப்போய் வெள்ளையாக இருக்கிறது

பச்சை மாவின் மேல் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஈரக் கலவையை ஊற்றினால் அது மொறுமொறுப்பாக வர எந்த நியாயமும் இல்லை. டின்னுக்கே இந்தச் சிக்கல் உண்டு, புதுப் பூசணிக்கு இன்னும் அதிகம். வெறும் கிரஸ்ட்டை முதலில் தனியாகச் சுட்டுவிடுவதுதான் தீர்வு.

தட்டில் பரப்பிய மாவை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் இறுக விடுங்கள். மேலே பேக்கிங் தாள் விரித்து, காய்ந்த கொண்டைக்கடலையோ அரிசியோ விளிம்பு வரை நிரப்புங்கள். 400 டிகிரியில் இருபது நிமிடம். பிறகு தாளோடு பாரத்தை எடுத்துவிட்டு, அடி ஈரம் காய்ந்து இளம்பொன்னிறம் வரும் வரை இன்னும் ஐந்திலிருந்து எட்டு நிமிடம். அந்தக் கடலை இனிச் சுண்டலுக்கு ஆகாது, ஒரு டப்பாவில் போட்டு அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, சூட்டோடு சூடு சேர வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த கலவையை ஊற்றினால் அது சூடேறும் வரை கிரஸ்ட் ஊறிக்கொண்டே இருக்கும். வாணலியில் சுண்ட வைத்த விழுது வெதுவெதுப்பாக இருக்கும்போதே பாலைக் கலந்து, அப்புறம் முட்டையை அடித்துச் சேர்த்து, கிரஸ்ட்டும் சூடாக இருக்கும்போது ஊற்றிவிட்டால் அந்த நேரம் மிச்சம். விழுது கொதிக்கக் கொதிக்க இருந்தால் மட்டும் முட்டை வெந்துவிடும். விரல் தாங்கும் சூடு போதும்.

இப்படித் தனியாகச் சுட்ட கிரஸ்ட் என்றால் பையை 350 டிகிரியில் (175 செல்சியஸ்) முழு நேரமும் சுட்டால் போதும், 45 முதல் 55 நிமிடம். பழைய குறிப்புகளில் முதல் கால் மணி நேரம் 425 என்று இருப்பது பச்சைக் கிரஸ்ட்டுக்காக. ஓவனின் கீழ்த்தட்டில் வையுங்கள். விசிறி ஓடும் ஓவனாக இருந்தால் 25 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். தட்டு கண்ணாடியாக இருந்தால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சூடான ட்ரேயில் வைக்காதீர்கள், வெடித்துவிடலாம். உலோகத் தட்டு நிம்மதி.

கடையில் உறைநிலையில் வாங்கும் கிரஸ்ட்டுக்கும் இதே கதைதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பூசணியில் மெனக்கெட்டவர் மாவிலும் மெனக்கெட வேண்டும் என்று சட்டம் கிடையாது.

கிரஸ்ட் சுருங்கிவிட்டது, கடிக்க முடியவில்லை, ஓரம் கருகியது

சப்பாத்திக்குப் பிசைந்து பழகிய கை இங்கே எதிரி. ஒன்றேகால் கப் மைதாவில் 113 கிராம் குளிர்ந்த வெண்ணெயைப் பட்டாணி அளவுத் துண்டுகள் தெரியும்படி உதிர்த்து, மூன்று நான்கு டேபிள்ஸ்பூன் ஐஸ் தண்ணீர் தெளித்து, சேர்த்துப் பிடித்தால் சேரும் என்ற நிலையில் நிறுத்திவிட வேண்டும். வழவழப்பாக வரும் வரை பிசைந்தால் ரப்பர்தான். சுருங்குவதற்கும் அதுவே காரணம், கூடவே தட்டில் மாவை இழுத்துப் பொருத்தியதும். இழுக்காமல் தூக்கித் தூக்கி உள்ளே இறக்குங்கள். ஓரம் கருகத் தொடங்கினால் அலுமினியத் தாளை வளையமாக மடித்து விளிம்பில் மட்டும் போர்த்துங்கள்.

மேலே விரிசல், உள்ளே திரிதிரி, ஓரத்தில் தண்ணீர்

மூன்றும் ஒரே நோயின் மூன்று கட்டங்கள்: அதிகம் வெந்துவிட்டது. பையைக் கெட்டியாக்குவது முட்டை. அளவான சூட்டில் அது மென்மையாக உறையும். சூடு ஏற ஏற இறுகி, பிடித்துவைத்த நீரை வெளியே தள்ளிவிடும். மேற்பரப்பு பிளக்கிறது, உள்ளே பால் திரிந்த மாதிரித் தெரிகிறது, கிரஸ்ட்டுக்கும் பூரணத்துக்கும் இடையில் நீர் தேங்குகிறது. அந்த நீரைப் பார்த்துவிட்டு 'இன்னும் வேகவில்லை' என்று மறுபடி ஓவனில் வைப்பவர்கள் நிறைய. நிலைமை இன்னும் மோசமாகும்.

விழுதிலேயே தண்ணீர் அதிகமா, அல்லது அதிகம் வெந்ததா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? பூரணம் தளதளவென்று வழிந்தால் முதல் வகை. கெட்டியாக நிற்கிறது, ஆனால் சுற்றிலும் தெளிந்த நீர் கசிகிறது என்றால் இரண்டாவது.

எப்போது எடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தட்டை லேசாக ஆட்டிப் பாருங்கள். ஓரத்திலிருந்து உள்ளே வரை அசையாமல் இருந்து, நடுவில் இரண்டு அங்குல வட்டம் மட்டும் மெல்ல நடுங்கினால் எடுத்துவிடுங்கள். அலை அடித்தால் இன்னும் நேரம் இருக்கிறது. நடுப்பகுதி உள்ளே இருக்கும் சூட்டிலேயே வெந்துகொள்ளும். தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 175 டிகிரி ஃபாரன்ஹீட் (80 செல்சியஸ்) காட்டும்போது எடுக்க வேண்டும். கத்தி விட்டுப் பார்க்கும் பழக்கத்தை இதில் விட்டுவிடலாம். நடுவில் விட்ட கத்தி சுத்தமாக வரும்போது பை ஏற்கெனவே தாண்டிப் போயிருக்கும். விரிசலும் அந்தக் கத்திக் குத்திலிருந்து கிளம்பலாம்.

நேரத்தை மட்டும் நம்பினால் புதுப் பூசணி இங்கேயும் ஏமாற்றும். நன்றாகச் சுண்டிய, சூடான பூரணம் குறிப்பில் சொன்னதற்குப் பத்து நிமிடம் முன்னாலேயே உறைந்துவிடும். முப்பத்தைந்தாவது நிமிடத்திலிருந்து ஆட்டிப் பார்க்கத் தொடங்குங்கள்.

எடுத்ததும் கம்பித் தட்டின் மேல் ஆற விடுங்கள். சூட்டோடு ஃபிரிட்ஜில் வைத்தாலும் சட்டென்று சுருங்கி விரிசல் விடும், மேலே முத்து முத்தாக வியர்க்கும். அதற்காகப் பாதி நாள் வெளியிலேயே விடவும் கூடாது. முட்டையும் பாலும் சேர்ந்தது, இரண்டு மணி நேரம் ஆறியதும் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். மூன்று நாலு நாள் வரை தாங்கும்.

விரிசல் விட்ட பைக்கு என்ன செய்வது? விப்டு க்ரீம் எதற்கு இருக்கிறது!

தித்திப்பு தாங்கவில்லை, பூரணம் பிசுபிசுவென்று இருக்கிறது

எவாப்பரேட்டட் மில்க்குக்குப் பதில் கண்டென்ஸ்டு மில்க் ஊற்றியிருக்கிறீர்கள். கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், டின்னும் ஏறக்குறைய ஒன்று போலிருக்கும். முதலாவது வெறுமனே சுண்டக் காய்ச்சிய பால், இரண்டாவதில் சர்க்கரை நிறைய. கண்டென்ஸ்டு மில்க்கில் செய்யும் குறிப்புகளும் உண்டு, ஆனால் அவற்றில் வேறு சர்க்கரை சேர்க்க மாட்டார்கள்.

சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போட நினைத்தால் ஒரு எச்சரிக்கை: சில வெல்லங்கள் பாலைத் திரித்துவிடும். பாகு காய்ச்சி வடிகட்டி, விழுதோடு சேர்த்துச் சுண்ட வைத்து, சூடு தணிந்த பிறகு பால் சேருங்கள்.

டின்னில் செய்தது போல் சிவக்கவில்லை, மஞ்சளாக இருக்கிறது

கோளாறே இல்லை. பை பம்ப்கின் விழுது அப்படித்தான் இருக்கும். அடர்நிறம் வேண்டுமென்றால் பட்டர்நட் அல்லது பரங்கிக்காய் கலந்து, வெள்ளைச் சர்க்கரையை பிரவுன் சுகராக மாற்றுங்கள். ஃபுட் கலர் வேண்டாம்.

எல்லாம் சரி, ஆனால் சப்பென்று இருக்கிறது

உப்பைப் பாருங்கள். இனிப்புக்கு எதற்கு உப்பு என்று விட்டுவிடுபவர்கள் உண்டு, அரை டீஸ்பூன் இல்லாவிட்டால் பூசணி ருசியே எழாது. அடுத்து மசாலாவின் வயது. போன வருஷ நன்றி தெரிவிக்கும் நாளுக்கு வாங்கிய 'பம்ப்கின் பை ஸ்பைஸ்' பாட்டில் இந்த நவம்பரில் மரத்தூள்தான். நம் அஞ்சறைப் பெட்டி வீடுகளுக்கு இதில் ஒரு வசதி: பட்டை, சுக்கு, கிராம்பு, ஜாதிக்காய் எல்லாம் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கின்றன. அன்றே பொடித்து, சுண்டும் விழுதில் கடைசி ஒரு நிமிடம் போட்டுக் கிண்டினால் மணம் நன்றாக எழும். ஏலக்காய் சேர்க்கலாமா என்றால் சேர்க்கலாம், ஆனால் அது பாயசத்தின் பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

முட்டை சேர்க்கும் முன்பே பூரணத்தை ருசி பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

முட்டை இல்லாமல் செய்தேன், நிற்கவில்லை

முட்டை சேர்க்காத வீடுகளுக்கு மூன்று டேபிள்ஸ்பூன் கார்ன் ஸ்டார்ச் அந்த வேலையைச் செய்யும். ஆனால் அதன் குணம் நேர் எதிர். முட்டைக்கு 80 செல்சியஸ் போதும். ஸ்டார்ச்சுக்குக் கொதிநிலையை நெருங்கினால்தான் பிடிப்பு வரும். நடுவில் நடுங்கும்போதே எடுத்தால் இது நிற்காது. ஓரங்களில் மெல்லக் குமிழி விட வேண்டும், நடுவும் உப்பிச் சூடேறியிருக்க வேண்டும். குளிர்ந்த பாலில் கட்டியில்லாமல் கரைத்துத்தான் சேர்க்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பாலுக்குப் பதில் கெட்டித் தேங்காய்ப்பாலும் நன்றாகப் பொருந்தும். வெளியில் ஆறியதும் ஃபிரிட்ஜில் ஐந்தாறு மணி நேரம் இருந்தால்தான் துண்டு நிற்கும், ஆகையால் முதல் நாள் இரவே செய்துவிடுவது உத்தமம்.

மேலே குமிழிப் பள்ளங்கள்

கலவையை எலெக்ட்ரிக் பீட்டரால் நுரைக்க அடித்திருப்பீர்கள். கையால் கலந்தால் போதும். ஊற்றியபின் தட்டை மேடைமேல் இரண்டு தட்டு தட்டினால் மிச்சக் காற்றும் வெளியேறிவிடும்.

விழுது மிஞ்சிவிட்டது

பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். பூசணி விழுதை வீட்டில் டின்னிங் செய்யக் கூடாது என்பது அமெரிக்க வேளாண் துறையின் தெளிவான அறிவுரை. விழுதின் கெட்டித்தன்மையால் சூடு நடுவரை போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது, பாட்டுலிசம் என்ற கடுமையான உணவு நஞ்சாதலைத் தரும் கிருமி தங்கிவிடலாம். ஃப்ரீசர்தான் வழி. 425 கிராம் வீதம் ஜிப்லாக் கவர்களில் தட்டையாகப் பரப்பி, தேதி எழுதி வைத்துவிடுங்கள். உருகும்போது மறுபடி கொஞ்சம் தண்ணீர் விடும். அதை வடித்த பிறகு எடை போட்டுப் பாருங்கள், குறைகிற இருபது முப்பது கிராமுக்கு இன்னொரு கவரைப் பிரிக்க வேண்டியதில்லை, பாலை இரண்டு டேபிள்ஸ்பூன் குறைத்துக்கொண்டால் போதும்.